சொல்லைச் சொல்லாமல் ஏறமாட்டன்

…அப்படியென்றால் நானும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி, தெரியாத மாமா, தெரியாத அன்ரி, தெரியாத ரீச்சர், எல்லாரும் ஒன்று, இதை எப்படி நான் யோசிக்காமல் விட்டேன்? காலையில் இவளுடைய தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறந்து கொடுப்பது நான், மூக்கைத் துடைத்துவிடுவது நான், போன கிழமை சப்பாத்துக்குள் மண் போய்விட்டதென்று அழுதபோது தட்டிக் கொடுத்ததும் நான், இப்போது ஸ்கூட்டித் திறப்போடு முன்பள்ளி வாசலில் நிற்பதும் அதே நான்தான், ஆனால் தனு இருக்கிற வாங்குப் பலகையை விட்டு அசைகிறாளில்லை, இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிலத்தில் எட்டாத காலை ஆட்டிக்கொண்டு, "சொல்லைச் சொல்லுங்கோ ரீச்சர், சொல்லாட்டி ஏறமாட்டன்" என்கிறாள். நாலு வயது. முன்பல் ஒன்று பாதி உடைந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போயாகிவிட்டது, பத்மாவதி ரீச்சரும் கூட்டமென்று போய்விட்டார், முற்றத்தில் நானும் இவளும் ஒரு கோழியும்... தனு, அம்மா ஆஸ்பத்திரியிலை, பாப்பா பிறக்கப்போகுது, மாமாதான் போன் எடுத்தவர், உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். "ஓம், எனக்கு விளங்குது" என்று பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டுகிறாள், "சொல்லைச் சொல்லுங்கோ."

ஐயோ, இது நான் சொல்லிக் கொடுத்த பாடம், சொல்லுக்குச் சொல் நானே சொல்லிக் கொடுத்தது, உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆர் வந்தாலும் உங்கடை வீட்டுச் சொல்லைக் கேளுங்கோ, சொல்லத் தெரியாட்டிப் போகாதையுங்கோ, ஆர் வந்தாலும், ஆர் வந்தாலும்... எத்தனை தரம் அதைப் பாட்டாக்கிப் பாட வைத்தேன், கை தட்டித் தட்டி, ஆர் வந்தாலும் என்பதற்குள் நான் இல்லை என்று எப்போதாவது சொன்னேனா? இல்லை. ஜெயதீபன் அண்ணை, தனுவின் தாய்மாமன், பள்ளி விடுகிற நேரம் போனில் பதறினார், "ரீச்சர், அக்காவைக் காலமை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திட்டம், அத்தான் கடலிலை, நான் இஞ்சை நிக்கிறன், தனுவை ஒருக்கா ஏத்திக்கொண்டு வாறியளே?" அதுக்கென்ன அண்ணை, இந்தா வாறன் என்று துள்ளிக்கொண்டு சொன்னேன், எனக்கு யாராவது ஒரு வேலை சொன்னால் துள்ளாமல் இருக்கத் தெரியாது. தாய் கோபிகா அக்கா இவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், பாப்பாவை முதல் பார்க்கிறது நீதான், உனக்குப் பேந்துதான் அப்பா என்று, அது இந்த முன்பள்ளி முழுக்கத் தெரிந்த செய்தி, இவளுடைய வகுப்புக் கிருஷாந்துக்கு அதில் பொறாமை வேறு. ஆஸ்பத்திரியில் பின்னேரம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம் தவறினால் பிறகு நாளைக்குத்தான். சொல் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர், ஒருத்தி ஆஸ்பத்திரியில், ஒருவர் கடலில், மற்ற ஆள் இந்த வாங்கில் காலை ஆட்டிக்கொண்டு.

முதலில் எல்லாரையும் போலத்தான் நானும் தொடங்கினேன், தெரியாத ஆட்களோடு போகக்கூடாது, தெரியாத ஆட்கள் ரொபி தந்தால் வாங்கக்கூடாது, படமெல்லாம் கீறி, நிறமெல்லாம் தீட்டி... சரி, தெரியாத ஆள் எண்டால் ஆர், சொல்லுங்கோ பாப்பம் என்று கேட்டேன், கிருஷாந் எழும்பி "மீசை வைச்சிருப்பார்" என்றான், உடனே பக்கத்தில் இருந்தவன் "என்ரை அப்பாவும் மீசை வைச்சிருக்கிறார்" என்று அழத் தொடங்கினான், அவனைச் சமாதானப்படுத்திவிட்டு, சரி, அப்பிடித் தெரியாத ஒராள் வந்து நிண்டால் அவரை என்னெண்டு கூப்பிடுவியள் என்றேன், முழு வகுப்பும் ஒரே குரலில், "மாமா!" அந்த இடத்தில் என் பாடம் படுத்துவிட்டது. உண்மைதானே, தொண்டைமானாற்றில் எந்த ஆண் மாமா இல்லை, மீன் கொண்டுவருகிறவர் மாமா, கரண்ட் பில் தருகிறவர் மாமா, சன்னதி முருகன் கோயிலுக்கு எங்கிருந்தோ வந்து வழி கேட்கிறவரும் மாமா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு, மாமாவுக்குக் கை குடு, மாமாட்டைப் போ என்று பிறந்த நாள் முதல் பழக்கிவிட்டு, நாலு வயதில் திடீரென்று தெரியாத ஆள் என்றால் அந்தப் பிள்ளை எங்கே போய்த் தேடும்? அதற்குத்தான் சொல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசியச் சொல், அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் மட்டும் அறிய. பத்மாவதி ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார், "வித்தியா, உமக்கு வேறை வேலை இல்லையே, இந்த ஊரிலை ஆர் வந்து பிள்ளை பிடிக்கப்போறான், தாய் தேப்பன் சிரிக்கப்போகுதுகள்." சிரித்தார்கள்தான். ஆனால் சொல் வைத்தார்கள். அதில்தான் பெரிய பகிடி, அடுத்த நாள் சும்மா ஒரு ஒத்திகை பார்ப்போமென்று பிள்ளைகளிடம், உங்கடை சொல்லை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ, மனசுக்குள்ளை சொல்லிப் பாருங்கோ என்றால், மனசுக்குள் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள், வகுப்பு முழுக்க உரத்து, "முருகா!" "சன்னதியானே!" "முருகா!" "முருகா!" ...ஒரு பிள்ளை மட்டும் "அரோகரா". ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒருவருக்கொருவர் ஒளித்து, ஊர் முழுக்க ஒரே ரகசியம்! நான் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு வீடு வீடாகப் போய், அக்கா, முருகனை விடுங்கோ, அவர் எல்லாருக்கும் பொது, வேறை ஒண்டு வையுங்கோ என்று கெஞ்சி மாற்ற வைத்தேன், இந்த முறை கடற்கரைப் பக்கத்து வீடுகளெல்லாம் என்ன வைத்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது...

...ஊகம் இருக்கிறது. இவள் மீன்காரர் வீட்டுப் பிள்ளை. ஸ்கூட்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வாங்கில் இவளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், விளையாட்டு மாதிரி மீன் பெயராகக் கேட்கிறேன், பாரையே? தலையாட்டுகிறாள், இல்லை. விளைமீனே? இல்லை. ஒட்டி? ஓரா? சூடை? "சூடை எண்டு ஆரும் வைப்பினமே" என்று வயிறு குலுங்கச் சிரிக்கிறாள், சூடை சின்ன மீன், அதில் ரகசியத்துக்கு மதிப்பில்லையாம். அறக்குளா? திருக்கை? கணவாய்? கணவாய்க்கு ஒரு கணம் நின்றாள், கண்ணை உருட்டினாள், நான் எழும்பப் போனேன், "இல்லையே!" என்று கத்தினாள், ஏய்த்துவிட்டாள் கள்ளி. சரி, இது என்ன வேலை வித்தியா, நீ இப்ப என்ன செய்யிறாய், பிள்ளையிட்டைச் சொல்லைப் பறிக்கப் பார்க்கிறாய், ஒரு கள்ளன் வந்தாலும் இதைத்தானே செய்வான், பக்கத்தில் இருந்து சிரித்துச் சிரித்து... கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். கோபிகா அக்காவின் போன் அடிக்கிறதேயில்லை. தகப்பன் பிரகாஸ் அண்ணையின் போனில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று, எனக்குத் தெரியும் அம்மா, அவர் கடலில் நிற்கிறார். பையில் இருந்த பணிஸைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன், பாதியை வாங்கினாள், அதற்குச் சொல் தேவையில்லையா என்று கேட்டேன், "ரீச்சர் தந்தால் சாப்பிடலாம், ரீச்சரோடை போகேலாது" என்று வாய் நிறையப் பணிஸோடு சொன்னாள். எவ்வளவு தெளிவு! எனக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஏன் இப்படி உள்ளுக்குள் பட்டாசு வெடிக்கிறது, யாரையாவது பிடித்துச் சொல்லவேண்டும் போல இருக்கிறது, இஞ்சை பாருங்கோ, என்னோடை வரமாட்டாளாம், என்னோடை! என்று.

மோட்டார் சைக்கிள் சத்தம். ஜெயதீபன் அண்ணை, வியர்த்து விறுவிறுத்து, ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "என்ன ரீச்சர், எவ்வளவு நேரம், அக்காவைப் பிரசவ அறைக்குள்ளை கொண்டுபோட்டினம், வாடி பிள்ளை கெதியா" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டார், அண்ணை அண்ணை, ஒரு நிமிசம் என்று நான் வாய் திறப்பதற்குள் தூக்கிவிட்டார், அதோடு தொடங்கியது. யாராவது பிடித்துத் தூக்கினால் என்ன செய்ய வேண்டுமென்றும் நான்தான் பழக்கினேன், நனைந்த வலை விளையாட்டு, கடலில் இருந்து இழுத்த வலை எவ்வளவு கனம், அப்பா மட்டும் தனியத் தூக்குவாரே, மாட்டார்தானே, அப்ப நீங்களும் நனைஞ்ச வலை மாதிரித் தொங்குங்கோ, தொங்கிக்கொண்டு மாட்டன் எண்டு கத்துங்கோ... தனு தொங்கினாள். தலை பின்னால், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், "மாட்டன்! மாட்டன்! மாட்டன்!" என்று அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இருந்து அப்படி ஒரு சத்தம், கோழி மதிலேறிவிட்டது. வெளியே ஒழுங்கையில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் நின்றது, பின்னால் ஒரு ஓட்டோ, எதிர்வீட்டில் கருவாடு காயப் போட்ட அக்கா கையில் தடியோடு ஓடிவந்தார், "ஆரடா அது பிள்ளையைத் தூக்கிறது?" "ஐயோ அக்கா, நான் தீபன், இவளின்ரை மாமன்!" ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஓம், உவன் எங்கடை தீபன்தான்" என்றார். அந்த அக்கா தடியை இறக்கவில்லை. "தீபன் எண்டால் என்ன, பிள்ளை மாட்டன் எண்டு கத்துதெல்லே, இறக்கடா."

இறக்கினார். இதை நான் எங்கே போய்ச் சொல்ல, ஊரிலே ஒரு மாமாவுக்கு எதிராக ஒரு பிள்ளையின் மாட்டனைக் கேட்டு ஒரு அக்கா தடி தூக்கினார், பத்மாவதி ரீச்சர் கூட்டத்துக்குப் போகாமல் இதைப் பார்த்திருக்க வேண்டும்... ஜெயதீபன் அண்ணையின் முகம்தான் பார்க்க முடியவில்லை. "எடியே, உனக்குக் காது குத்தேக்கை என்ரை மடியிலைதானே இருந்தனீ, சட்டையிலை மூத்திரம் பேஞ்சனீ, என்னைத் தெரியாதே?" தனு சட்டையை நீவிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "தெரியும் மாமா. சொல்லைச் சொல்லுங்கோ." "முருகா!" "அது பழசு." "சன்னதி முருகா!" "அதுவும் பழசு மாமா." ஓட்டோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சைக்கிள் மாமா "மருமோளிட்டைத் தோத்திட்டாயடா" என்றார், ஜெயதீபன் அண்ணையும் பாவம், கடைசியில் ஹெல்மெற்றைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார், அழுதாரோ தெரியவில்லை, காலையிலிருந்து அக்காவுக்காகப் பதறிக்கொண்டு நிற்கிறவர். சரி அண்ணை, நீங்கள் திரும்பப் போங்கோ, அக்கா வெளியிலை வந்த உடனை ஒரு போன், அவ்வளவுதான், நான் இவளோடை இருக்கிறன் என்றேன். போகும்போது ஒருதரம் திரும்பி, "நல்லாத்தான் பழக்கியிருக்கிறியள் ரீச்சர்" என்றார், பாராட்டா திட்டா? இரண்டும்தான் போல.

வெயில் வாங்கின் காலில் இருந்து மேசைக்கு ஏறியது, கடல் காற்று தொடங்கியது, கதைக்க இருந்ததெல்லாம் கதைத்தாயிற்று, கிணற்றுக்கட்டில் ஏறக்கூடாது, பிளக்கில் விரல் வைக்கக்கூடாது, மருந்துக் குளிசை ரொபி இல்லை, எல்லாவற்றையும் இவள் எனக்குப் பாடமாக எடுத்தாள், நான் பிள்ளை, அவள் ரீச்சர், நான் வேண்டுமென்றே பிழை விட்டால் "இல்லை பிள்ளை, வடிவா யோசியுங்கோ" என்று என்னுடைய குரலிலேயே... நான் அப்படியா கதைக்கிறேன்? பிறகு கொட்டாவி விட்டாள். தலை மெல்ல என் கைமேல் சாய்ந்தது. தூங்கினால்? தூங்கினால் என்ன கனம் இருக்கும், அப்படியே தூக்கி, அந்த ஓட்டோவைக் கூப்பிட்டு, மடியில் கிடத்திக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியில் கண் விழிப்பாள், அம்மாவைக் கண்டதும் எல்லாம் மறந்துவிடும், நேரத்துக்கும் போய்ச் சேரலாம், அக்காவின் வாக்கும் நிலைக்கும், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மறந்துவிடுமா? நாளைக்கு ஆர் வந்தாலும் என்று நான் பாடும்போது இவள் என் முகத்தைப் பார்ப்பாள். ஆர் வந்தாலும், ரீச்சர் தவிர, நித்திரை கொண்டால் தவிர, அவசரமென்றால் தவிர... கள்ளன் எப்போதும் அவசரமென்றுதான் வருவான். கையை அசைக்காமல் இருந்தேன். அவளும் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து, உதடு துடிக்க, "ரீச்சர், பாப்பா வந்திட்டுதோ? வேறை ஆரும் முதல் பாத்திடுவினமோ?" என்றாள். தெரியாது தனு. கொஞ்சம் யோசித்தாள். என் காதுக்குக் கிட்ட வந்தாள். "நான் உங்களுக்குச் சொல்லைச் சொல்லட்டே? பேந்து நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ. பேந்து போவம்."

கடவுளே, எவ்வளவு சுகமான வழி, யாரும் தோற்காத வழி, அந்தச் சூடான மூச்சு காதில், ஒரு சொல், ஒரே ஒரு சொல், நான் ஓம் என்றால் போதும்... "வேண்டாம்" என்றேன், என் வாய்தான் சொன்னது, எனக்கே திடுக்கென்றது, "எனக்கும் சொல்லக்கூடாது தனு. ஆருக்கும் சொல்லக்கூடாது." அப்போதுதான் அழுதாள், மாமா தூக்கியபோதும் அழாதவள், பெரிதாக, வாயைத் திறந்து, உடைந்த பல் தெரிய, நானும் சேர்ந்து அழுதிருப்பேன், என்ன ரீச்சர் நான், ஒரு பிள்ளையைப் பாப்பாவிடம் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன், பிடிக்கவுமில்லையே, கேற் திறந்துதானே கிடக்கிறது... அந்த நேரம் போன் அடித்தது. ஜெயதீபன் அண்ணை. எடுத்த உடன் அவர் குரலில்லை, கோபிகா அக்கா, களைத்துப்போய், கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, ஆனால் சிரிப்பு, "ரீச்சர், பெடியன் பிறந்திருக்கிறான்... தீபன் கதை முழுக்கச் சொன்னவன்... பாவம் நீங்கள், சொல் வந்து" – அக்கா அக்கா, எனக்குச் சொல்லாதையுங்கோ! என்று கத்தியேவிட்டேன், அவளிட்டைக் குடுக்கிறன். போனை அவள் காதில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளிப் போய், கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது, முதுகுக்குப் பின்னால் ஒரு விசும்பல், பிறகு ஒரு கிளுக்கென்ற சிரிப்பு, பிறகு வாங்கில் இருந்து குதிக்கிற சத்தம். "ரீச்சர், எங்கை என்ரை ஹெல்மெற்?"

ஓடினோம், ஸ்கூட்டியில் ஓடினோம் என்றுதான் சொல்லவேண்டும், ஒழுங்கை முகப்பில் அந்தக் கருவாட்டு அக்கா தடியை ஆட்டி வழியனுப்பினார், "சொல் கிடைச்சிட்டுதோ?" "ஓம்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம், வலது பக்கம் பார், இடது பக்கம் பார், திரும்ப வலது பக்கம் பார் என்று பின்னால் இருந்து எனக்குக் கட்டளை, என் இடுப்பைச் சுற்றி இரண்டு சின்னக் கை, உப்புக் காற்று, உலகத்தில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் போல இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நேரம் முடியப்போகிறது, காவலாளி சின்னப்பிள்ளையை உள்ளே விடுவதில்லை என்றார், தனு அவரை நிமிர்ந்து பார்த்து "நான் அக்கா" என்றாள், அவ்வளவுதான், அவர் ஒதுங்கிவிட்டார். கோபிகா அக்கா ஒரு கையை நீட்டினார். பக்கத்தில் துணிக்குள் ஒரு சிவந்த முகம், அதைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை, ஜெயதீபன் அண்ணை பாவம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார், தான் இன்னும் பார்க்கவில்லையாம், மருமகள்தான் முதல் பார்க்க வேண்டுமாம் என்று தாதி சிரித்துக்கொண்டு சொன்னார். தனு பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, இப்ப எல்லாரும் பாருங்கோ."

அதன் பிறகு கை மாறத் தொடங்கியது, தாதியின் கையில் இருந்து மாமனின் கை, அங்கிருந்து பக்கத்துக் கட்டில் அன்ரி ஆசையாகக் கேட்டாரென்று அவரின் கை, அவர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அங்கிருந்து என் கை. இவ்வளவு லேசா, பணிஸ் பை மாதிரி, கண்ணைத் திறக்காமலே என் சட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பினான், வாயைச் சப்பினான், என் விரல் எதுவென்று கேட்காமல் பிடித்துக்கொண்டான். தனு கட்டில் விளிம்பில் இருந்து இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ரீச்சர், இவன் எல்லாரிட்டையும் போறான்!" முறைப்பாடு. "ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை!" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உண்மைதான், கேட்கவில்லை. நாங்கள் யாரும் கேட்காமல்தான் வந்தோம் போல, யார் தூக்கினாலும் போய், யாருடைய விரலையும் பிடித்து... பிறகு ஒரு நாள் ஒரு துள்ளுகிற ரீச்சர் வந்து கை தட்டிப் பாட்டுப் படித்து இதை மறக்கப் பண்ணுவாள், மறக்கப் பண்ணத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைக்கு முழுக்க அதற்காகத்தானே வாங்கில் இருந்தேன், ஆனாலும்... தனு இறங்கி வந்து, கால்விரலில் எம்பி, அவன் காதுப் பக்கம் கையைக் குவித்துக்கொண்டு, "நான் சொல்லிக் குடுக்கட்டே ரீச்சர்?" என்றாள். கொஞ்சம் பொறுங்கோ தனு என்றேன். "எவ்வளவு நேரம்?" என்றாள். அவன் என் விரலை விடவில்லை.